நீங்கள் கூடப் போங்கள்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையின் பதில்கள்

கேள்வி: என் அக்கா மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் 22 மார்க் எடுத்துத் தவறிவிட்டான். அப்பா இல்லாத பையன். ரிசல்ட் வந்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பனியன் கம்பெனிக்கு, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு வருகிறேன் என்கிறான். நான் பவர்டேபிள் டெய்லர், எட்டாவதோடு நின்றவன். படிப்பைப் பற்றி அவனிடம் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது?
ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, காது குத்தும்போது அவன் உங்கள் மடியில்தானே உட்கார்ந்திருப்பான்? தாய்மாமனுக்கு அந்தத் தகுதி போதும்.

முதலில் கணக்கைப் பேசாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியில் பின்னால் உட்காரவைத்து எங்காவது கூட்டிப் போங்கள். எதிரே நிறுத்தி "ஏன்டா பேச மாட்டேங்கிற?" என்று கேட்டால் இந்த வயதுப் பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள். முகத்தைப் பார்க்காமல் பேசும்போதுதான் வார்த்தை வரும். என் மாணவர்கள் மனதில் இருந்ததைச் சொன்னதெல்லாம் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஸ்டாஃப் ரூம் வரை நடந்தபோதுதான்.

பேச ஆரம்பித்த பிறகு ஒன்றை நேராகவே கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. கேட்காமல் விடுவதுதான் பயம். ஆமாம் என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாமல் அங்கிருந்தே 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.

இனி கணக்கு. தேர்ச்சிக்கு 35 வேண்டும், அவனுக்குக் குறைவது 13. வினாத்தாளின் கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மார்க் இருக்கிறது. ஒத்த முக்கோணம், வட்டத்துக்குத் தொடுகோடு என்று வரையச் சொல்வார்கள். ஸ்கேலும் காம்பஸும் பிடித்துத் தினம் ஒன்று வரைந்தால் கை பழகிவிடும். அவன் போட்ட கோடு நேரா கோணலா என்று சொல்ல, நாளெல்லாம் தையல் நேராக ஓடுகிறதா என்று பார்க்கும் உங்கள் கண் போதும். ஒரு மார்க் கேள்விகள் வேறு 14 உண்டு. கணக்கில் தவறிய பையன்கள் பலருக்கு உண்மையில் தடுமாற்றம் பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்காது. ஏழாவது, எட்டாவதில் பின்னத்திலும் கழித்தல் குறியிலும் விட்டதாக இருக்கும். யாரும் திரும்பச் சொல்லித் தராததால் 'எனக்கு மூளை இல்லை' என்று அவனே முடிவுகட்டிவிடுகிறான். அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

துணைத் தேர்வு இந்த ஆண்டே உண்டு. தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். தேறினால் இதே ஆண்டு பதினொன்றில் சேரலாம். விண்ணப்பிக்கப் படித்த பள்ளிக்கே போக வேண்டும். அங்கே தனியாகப் போக அவன் கூசுவான். அரை நாள் சம்பளம் போனாலும் நீங்கள் கூடப் போங்கள். கணக்கு ஆசிரியரைப் பார்த்து, "இவனுக்கு எது வருது, எது வரலை?" என்று கேட்டு வாருங்கள். அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

அப்படியும் பள்ளி வேண்டாம் என்று நின்றால், கைமடிக்கு முன்னால் ஐடிஐயைக் காட்டுங்கள். வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறார்கள்.

கேள்வி: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது படிக்கும் பெண், உறவுக்காரர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாகச் சொல்லி அழுதாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்ய?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லத்தான் வேண்டும் அம்மா, இன்றே. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்தால் வழிகாட்டுவார்கள். ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். "உன் மேல ஒரு தப்பும் இல்ல. இதை நிறுத்தக்கூடியவங்ககிட்ட நான் சொல்லியாகணும். உன்கூடவே இருப்பேன்" என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அந்த ஆளிடம் போய் நியாயம் கேட்க வேண்டாம், பிள்ளையைத்தான் மிரட்டுவான். "குடும்ப மானம், நாங்களே பேசித் தீர்த்துக்கிறோம்" என்று வீட்டில் சொல்லக்கூடும். அதற்கு இணங்காதீர்கள்.

காவல் நிலையம் என்றதும் அவள் நடுங்குவாள். அங்கே போக வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடிய வரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். அப்போது பெற்றோரோ, அவள் நம்பும் வேறொருவரோ உடனிருக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவள் உங்களைக் கேட்டால், யார் முகம் சுளித்தாலும் போய் உட்காருங்கள்.