தொடுதிரையில் நிறுவன வரலாறு: கேள்வி பதில்

நிறுவனங்களின் வரவேற்புக் கூடத்திலும் சொந்த அருங்காட்சியகத்திலும் வைக்கிற தொடுதிரைச் சுவர், ஊடாடும் மேசை போன்றவற்றைச் செய்வது என் தொழில். கேட்டவர்களுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: கம்பெனி ஆண்டு விழாவுக்குப் பெரிய வீடியோ சுவர் வாங்க நிர்வாகம் தயார். எங்கிருந்து தொடங்குவது சார்?

சுவரை இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் பழைய பெட்டிகளைத் திறந்து படங்கள், பேரேடுகள், விளம்பரங்கள், வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போடுங்கள். கிளீவ்லேண்ட் கலை அருங்காட்சியகம் 2013இல் 40 அடி நீளத் தொடுசுவர் வைத்தது. அதில் காட்ட அவர்களிடம் ஆயிரக்கணக்கான கலைப்பொருட்கள் இருந்தன. உங்களிடம் அறுபது படங்கள்தான் தேறும் என்றால் ஒரு நல்ல மேசை போதும்.

கேள்வி: படங்களை எந்த அளவில் ஸ்கேன் செய்வது?

4கே திரையின் அகலம் 3840 பிக்சல். ஆறு அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1800 பிக்சல்தான் கிடைக்கும், பாதித் திரைக்குக்கூடப் போதாது. 600 வைத்தால் 3600 வரும். பார்வையாளர் விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றால் 1200க்குப் போங்கள். நெகட்டிவ் இன்னும் சிறியது, அதற்கு 4000 வரை தேவைப்படும். மூலக் கோப்பை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் பத்திரப்படுத்திவிட்டு, திரைக்குச் சிறிய நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற ஊழியர்களை உட்காரவைத்து, படத்தில் இருப்பது யார், எந்த இயந்திரம், எந்த ஆண்டு என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஸ்கேனர் அடுத்த வருடமும் கிடைக்கும், அவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது.

கேள்வி: எல்லாரும் காலக்கோடு கேட்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. நிறுவனர் படம், முதல் கட்டடம், விருது, மறுபடியும் விருது என்று போகும். நின்றுகொண்டே பார்க்கிறவர் மூன்றாவது ஆண்டிலேயே நகர்ந்துவிடுவார். கையில் எடுக்க ஒரு பொருளைக் கொடுங்கள். பழைய உதிரிபாகம் ஒன்றின் அடியில் ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் சிறு வில்லை) ஒட்டி, மேசையில் வைத்ததும் அதன் கதை விரியும்படி செய்யலாம். மியூனிக்கில் பிஎம்டபிள்யூ அருங்காட்சியகத்தில் 2008இல் வைத்த படைப்பில் 714 உலோகக் குண்டுகள் மெல்லிய கம்பிகளில் ஏறி இறங்கி, கடைசியில் கார் உருவமாகச் சேரும். ஆண்டு எதுவும் எழுதாமலே, ஒரு வடிவமைப்பு உருவாகும் விதம் புரிந்துவிடுகிறது.

கேள்வி: வேலைநிறுத்தம், விபத்து இதையெல்லாம் விட்டுவிடச் சொல்கிறார்கள்.

விட்டால் பார்வையாளர் கவனிப்பார், பழைய ஊழியர்கள் முதலில் கவனிப்பார்கள். ஃபோக்ஸ்வாகன் தன் ஆலையில் நாஜிக் காலத்தில் நடந்த கட்டாய உழைப்பை வரலாற்றாசிரியர் ஹான்ஸ் மோம்சன் குழுவிடம் ஆராயச் சொன்னது. முடிவு 1996இல் நூலாக வந்தது. 1999இல் ஆலை வளாகத்துப் பழைய பதுங்கறை ஒன்றிலேயே நினைவிடமும் திறந்தார்கள். நிர்வாகத்திடம் இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள். எழுதும்போது தற்காப்பு வாசகம் வேண்டாம், நடந்ததைச் சொல்லி, பிறகு என்ன மாறியது என்றும் சொன்னால் போதும்.

கேள்வி: திரையில் ஓடும் நிரலை யூனிட்டியில் (வீடியோ விளையாட்டு செய்யும் மென்பொருள்) எழுதுவதா, பிரவுசரில் ஓட்டுவதா?

படமும் எழுத்தும் மட்டும் என்றால் கியோஸ்க் முறையில், அதாவது வேறு எதையும் திறக்க முடியாதபடி முழுத்திரையில், ஓடும் பிரவுசரே போதும். முப்பரிமாணமோ கேமரா உணர்வியோ இருந்தால் யூனிட்டி அல்லது டச்டிசைனர் (ஊடாடும் காட்சிகள் செய்யும் மென்பொருள்). எதை எடுத்தாலும் ஐந்தாறு வருடம் கழித்து யார் திருத்துவார்கள் என்று யோசியுங்கள். ஒரு காலத்தில் இந்த வேலைக்குப் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. உடல் அசைவை உணரும் கேமராவாக 2010இல் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்டின் உற்பத்தி 2017இல் நின்றது, பின்னால் வந்த அஸூர் கினெக்டும் 2023இல் போனது. அதனால் எழுத்தையும் படங்களையும் நிரலுக்குள் புதைக்காமல் தனியாக வையுங்கள். உணர்வியோடு பேசும் பகுதியும் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும்.

கேள்வி: உயரம், எழுத்து அளவு?

அமெரிக்க அணுகல்தன்மை விதியில் கை எட்டும் உச்ச உயரம் 48 அங்குலம், அதாவது சுமார் 122 செ.மீ. பொத்தான்களை அதற்கு மேல் வைக்காதீர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும். வீடியோவுக்கு வசன வரி கட்டாயம்.

கேள்வி: பின்னணி இசை வைக்கலாமா?

வேண்டாம். வரவேற்பில் உட்காருகிறவர் நாள் முழுக்க அதையே கேட்க வேண்டும், பாவம்.

கேள்வி: திறப்பு விழாவுக்கு அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?

மின்சாரம் வந்ததும் தானே தொடங்க வேண்டும், நிரல் முடங்கினால் தானே எழ வேண்டும், ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் முகப்புக்குத் திரும்ப வேண்டும். இயங்குதளத்தின் அப்டேட் அறிவிப்பு திரையில் தலைகாட்டாதபடி அமைத்துவிடுங்கள். அதே நிரல் ஏற்றிய மாற்றுக் கணினி ஒன்றும் தயாராக இருக்கட்டும். திரைக்குப் பின்னால் காற்றோட்டமும், ஆள் கை நுழையும் இடைவெளியும் விடச் சொல்லி உள் அலங்காரக்காரரிடம் வரைபடம் போடும்போதே சண்டை போட்டுவிடுங்கள். சுவர் மூடிய பிறகு கேட்டால் நடக்காது.