கல்யாணப் படத்தைத் துணியில் கொண்டுவர கூறைப்புடவையை வெட்டலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: ‘வரும் ஆவணியில் அப்பா அம்மாவுக்கு 40ஆவது கல்யாண நாள். அவர்களுடைய கல்யாணப் புகைப்படத்தைப் பார்த்து, துணித்துண்டுகளாலேயே இருவர் முகமும் தெரிகிற மாதிரி ஒரு குவில்ட் (துணியையும் பஞ்சையும் அடுக்கித் தைப்பது) செய்துகொடுக்க ஆசை. பிளவுஸ் தைப்பேன், ஆனால் படம் வரையத் தெரியாது. அம்மாவின் கூறைப்புடவையை வெட்டிச் சேர்த்தால் நன்றாக இருக்குமா? நான்கு மாதம் போதுமா? அவர்களுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா?’

படம் வரையத் தெரியாதது இங்கே ஒரு குறையே இல்லை. முகத்தைப் புகைப்படம் தருகிறது. நீங்கள் செய்யவேண்டியது வெளிச்சம் விழுந்த இடம் எது, நிழல் எது என்று பிரிப்பதுதான். பீசா பட்லர் என்ற அமெரிக்கக் கலைஞர் ஆளுயரத் துணி ஓவியங்களுக்குப் பெயர் பெற்றவர். 2020இல் சிகாகோ கலைக்கூடத்தில் அவருடைய குவில்ட்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அவருடைய ஆரம்பகாலத் துணி உருவப்படங்களில் ஒன்று, 2001இல் பாட்டிக்காகச் செய்தது. பாட்டி தாத்தாவின் கல்யாணப் புகைப்படத்தை வைத்துத்தான் அதைச் செய்தார். அவர் செய்யும் முகங்கள் ஊதாவிலும் நீலத்திலும் ஆரஞ்சிலும்கூட இருக்கும், ஆனாலும் அவை மனித முகங்கள்தான் என்பதில் நமக்குச் சந்தேகம் வராது. காரணம், எந்த இடம் இருட்டு, எந்த இடம் வெளிச்சம் என்பதில் அவர் தவறுவதில்லை. அதனால் ‘தோல் நிறத் துணி’ தேடிக் கடை கடையாக ஏறாதீர்கள்.

முதலில் ஆல்பத்திலிருந்து படத்தை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் நேர்மேலிருந்து போனில் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ‘போஸ்டரைஸ்’ வசதியுள்ள ஏதாவது ஒரு செயலியில், கறுப்பிலிருந்து வெள்ளைவரை உள்ள சாயல்களை ஐந்து படிகளாகக் குறையுங்கள். மூன்று படியில் முகம் பொம்மை மாதிரி இருக்கும். எட்டுப் படிக்குப் போனால் நகத்தளவுத் துண்டுகளை வெட்டியே கை ஓய்ந்துவிடும். முகம் ஒவ்வொன்றும் நெற்றியிலிருந்து முகவாய் வரை எட்டு அங்குலமாவது இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் கண் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து 30க்கு 36 அங்குலம் சரியாக வரும். இந்த அளவில் அச்செடுக்க ஏ4 தாள்களை ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். வீட்டு பிளான் அச்சடிக்கும் ஜெராக்ஸ் கடையில் ஏ0 தாள் கேளுங்கள். அது 33க்கு 47 அங்குலம் இருக்கும்.

அச்செடுக்கும்போது படத்தை இடம் வலம் திருப்பி எடுக்க வேண்டும். நாம் பயன்படுத்தப்போவது இருபக்கமும் பசையும் ஒருபக்கம் காகிதமும் உள்ள, இஸ்திரி போட்டால் ஒட்டும் தாள். காகிதத்தில் வடிவத்தை வரைந்து, துணியின் பின்பக்கத்தில் ஒட்டி வெட்டுவதால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாறிவிடும். நான் முதன்முதலில் என் மாமியார் படத்தைச் செய்தபோது இதை மறந்தேன். மூக்குத்தி இடப்பக்கம் போய், முந்தானை வலது தோளில் விழுந்தது. அவர் பார்த்துவிட்டு, “இது யாரு, உங்க வீட்டு ஆளா?” என்று கேட்டார். சட்டைக் காலருக்கு வைக்கிற பசைக் கேன்வாஸை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் ஒருபக்கம் மட்டும்தான் பசை, விறைப்பும் அதிகம்.

துணிக்கு வருவோம். வீட்டில் இருக்கும் பழைய பருத்தி பிளவுஸ், அப்பாவின் சட்டை, லைனிங் துண்டு எல்லாவற்றையும் பரப்பி, போன் கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்துப் பாருங்கள். எது அடர்த்தி, எது வெளுப்பு என்று அது ஒளிக்காமல் சொல்லிவிடும். அரக்கும் கரும்பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அப்படியென்றால் நிழலுக்கு இரண்டையும் தாராளமாகக் கலக்கலாம். பொடிப்பூ அச்சு முகத்துக்கு ஒத்துவரும், பெரிய கட்டம் ஒத்துவராது. எல்லாவற்றையும் முதலிலேயே துவைத்துவிடுங்கள். சிவப்பை மட்டும் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சோதியுங்கள். சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் போட்டால் நின்றுவிடும் என்பார்கள், நிற்காது, ஒதுக்கிவிடுங்கள்.

கூறைப்புடவை விஷயத்தில் என் பதில், வேண்டாம் என்பதுதான். நாற்பது வருஷப் பட்டு, மடிப்பில் ஏற்கெனவே இற்றுப்போயிருக்கும். பசைத்தாளின் சூட்டையும் ஆயிரக்கணக்கான ஊசிக்குத்துகளையும் அது தாங்காது. ஜரிகையில் நூல் அறுபடும். அதைவிட, அம்மாவைக் கேட்காமல் வெட்டுகிற பொருள் இல்லை அது. அந்தப் புடவையோடு வந்த பிளவுஸ் இருந்தால், இப்போது யாருக்கும் போடமுடியாத அளவில்தான் இருக்கும். அதன் கையிலிருந்து நாலு அங்குலம் எடுத்தாலே படத்தில் புடவைக் கரைக்குப் போதும். வெட்டுமுன் பின்னால் மெல்லிய பசைக் கேன்வாஸ் ஒட்டிக்கொண்டால் பிரியாது. இஸ்திரி மிதமான சூட்டில், மேலே ஒரு துணி விரித்துத்தான்.

ஒட்டும்போது வெளிர் நிறம் அடியில், அடர்நிறம் மேலே. மாற்றிச் செய்தால் வெளிர் துணிக்குள் கறுப்புத் தெரிந்து முகம் அழுக்காகிவிடும். முழு முகத்தையும் ஒரே வெளிர் துணியில் வெட்டி வைத்து, அதன்மேல் நிழல்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எல்லாத் துண்டையும் இடத்தில் வைத்து, பத்தடி தள்ளி நின்று பார்த்த பிறகுதான் இஸ்திரிப்பெட்டியைத் தொட வேண்டும். கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளைத் துணி வேண்டாம், முறைக்கிற மாதிரி ஆகிவிடும். லேசான சாம்பல் போதும். கண்பாப்பாவில் தெரியும் ஒளிப்புள்ளியை மட்டும் கடைசியில் வெள்ளை நூலால் இரண்டு தையல் போடுங்கள். பல் தெரிகிற சிரிப்பு இருந்தால் ஒவ்வொரு பல்லாக வெட்டாமல் ஒரே துண்டாக விடுங்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் படத்தில் அநேகமாக அந்தத் தொல்லை இருக்காது!

துணிமேல் துணி வைத்துத் தைப்பது நமக்குப் புதிதல்ல. தேரில் தொங்கும் தொம்பைகளெல்லாம் இந்த வேலைதான். குவில்ட்டில் கூடுதலாக நடுவே ஒரு பஞ்சு அடுக்கும் அடியில் ஒரு துணியும் வரும். பஞ்சு ஷீட் கிடைக்காவிட்டால் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திப் போர்வையை வையுங்கள். அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உள்ளங்கை இடைவெளிக்கு ஒரு ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தையுங்கள். மெஷினில் துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, எம்ப்ராய்டரி போடுவதுபோல் துணியைக் கையால் நகர்த்த வேண்டும். ஊசி 14ஆம் எண். பயமாக இருந்தால் கையால் ஓட்டுத்தையல் போடுங்கள், அதன் அழகே வேறு. கன்னத்தில் மட்டும் நெருக்கமாகத் தைக்காதீர்கள். ஒவ்வொரு தையல் வரியும் ஒரு சுருக்கம். கல்யாணப்பெண்ணுக்கு அறுபது வயசு ஆகிவிடும்.

தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு மாதம் தாராளம். ஆனால் முதல் இரண்டு வாரத்தில் அப்பா முகத்தை மட்டும் தனியாக ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

போர்வையாகக் கொடுக்க வேண்டாம். போர்வை என்றால் துவைப்பார்கள், துவைத்தால் ஓரம் பிரியும். பின்பக்க மேல் ஓரத்தில் நாலு அங்குல அகலத்தில் துணிக்குழாய் தைத்து, திரைச்சீலைக் கம்பி செருகி, நேர் வெயில் படாத சுவரில் மாட்டலாம். கழற்றி வைக்கும் நாளில் மடிக்காமல் சுருட்டுங்கள்.

தெரியாமல் செய்வது சுலபம். பாத்திரக்காரருக்குப் போட மூட்டை கட்டுகிறேன் என்று சொல்லி, பழைய துணியையெல்லாம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிளவுஸுக்கு மட்டும் இந்தத் தந்திரம் வேண்டாம். “ஒரு தையலுக்கு வேணும்மா, வெட்டட்டுமா?” என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.