ரெட் 634: பிள்ளைகளுக்கு முன் நீங்கள் டெஸ்ட் எடுங்கள்

பென்னாகரம் தம்பிக்கு,

உங்கள் அக்காவுக்கு மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் (தைராய்டு புற்றுநோயில் ஒரு வகை), அதற்குக் காரணமாகும் ரெட் (RET) மரபணுவில் 634-ஆம் இடத்தில் மாற்றம் என்று ரிப்போர்ட். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் உடனே டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் ரத்தத்தைப் பாருங்கள். அக்கா ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுபோனால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். இது பரம்பரையாக வருவது, கூடப் பிறந்த உங்களுக்கும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. இல்லையென்றால் உங்கள் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகாது.

"உங்கள் வழியாக" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தாய்மாமன் மகளைக் கட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நம் பக்கம் வழக்கம்தானே. மாற்றம் அம்மா வழியில் வந்திருந்தால் உங்கள் மனைவிக்கும் இருக்கலாம். அவரையும் கூட்டிப்போங்கள்.

பிள்ளைகளிடம் இருந்துவிட்டால் கட்டி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 634 வகைக்கு 5 வயதிலோ அதற்கு முன்போ தைராய்டை எடுத்துவிடச் சொல்வார்கள். அப்புறம் ஆயுசுக்கும் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை.

ஆனால் இதே மாற்றத்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அதனால் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அதற்கு முன் அதைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிருஷ்ணகிரியில் என் அம்மாவுக்கு மயக்க மருந்து கொடுத்ததும் பிரஷர் 240-ஐத் தாண்டியது. வருஷக்கணக்காகப் படபடப்பு, சேலை நனையும் வேர்வை. எல்லாம் டென்ஷன் என்றே சொல்லிவந்தோம். கடைசியில் அது ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி. ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்கும் மெட்டானெஃப்ரின் டெஸ்டிலேயே தெரிந்திருக்கும்.

வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு இருக்கிறது. ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.