65 சதவீத வேலையும் வரிசையில் நிற்கும் கணக்கும்

தம்பி, ஜெர்மனியில் ஆகன் நகரில் கணினிவழி இயற்பியலில் முனைவர் பட்ட இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வாழ்த்துகள். நீங்கள் கேட்டவை இரண்டு. கடிதத்தில் 65 சதவீத வேலை என்று போட்டிருக்கிறார்களே, மிச்ச நேரத்தில் வேறு வேலை பார்க்கலாமா? ஆய்வகமே இல்லாத ஆய்வில் நாள் முழுக்க என்ன செய்வது? நான் பட்டம் வாங்கியதும் இந்தப் பக்கத்தில்தான். வந்து பத்து வருடம் ஓடிவிட்டது.

சம்பளத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே முனைவர் பட்ட மாணவர் என்பவர் பெரும்பாலும் ஊழியர்தான், ஒப்பந்தம் போட்டுத்தான் எடுப்பார்கள். அரசுச் சம்பளப் பட்டியலில் இ-13 என்ற படி, அதில் உங்களுக்கு 65 சதவீதம். தாளில் வாரத்துக்குச் சுமார் 26 மணி நேரம். மீதி நேரம் உங்கள் ஆய்வேட்டுக்கு என்பது எழுதாத விதி. அதனால் இரண்டாவது வேலை நினைப்பை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எல்லாம் போக ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைக்கு வரும். தனி ஆளுக்குத் தாராளம். வருடத்துக்கு 30 நாள் விடுப்பு உண்டு. அதை எடுக்காமல் இருந்து நல்ல பிள்ளை பெயர் வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், இங்கே யாரும் மெச்ச மாட்டார்கள்.

அப்புறம் வேலை. நான் செய்தது, படிகங்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று கணக்கிடுவது. டி.எஃப்.டி., அதாவது எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் முறை என்று எம்.எஸ்ஸி.யில் படித்திருப்பீர்கள். இயற்பியலாளர் வால்டர் கோன் அதற்காகத்தான் 1998இல் நோபல் வாங்கினார், அதுவும் வேதியியலில். காலையில் மேசைக்கு வந்ததும் முதல் வேலை, எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய கணினிக்கு ராத்திரி அனுப்பிய கணக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது. ஸ்லர்ம் என்ற நிரல்தான் வரிசையைக் கவனிக்கிறது. கணக்குக்கு நேரே ஆர் என்றிருந்தால் ஓடுகிறது, பி.டி. என்றிருந்தால் காத்திருக்கிறது. நம்ம ரேஷன் கடை வரிசைதான், ஒரே வித்தியாசம், அண்மையில் நிறைய வாங்கியவனை இங்கே பின்னால் தள்ளிவிடும். அரை மணி தூரத்தில் யூலிஷில் ஜூப்பிட்டர் இருக்கிறது. 2025இல் திறந்து வைத்தார்கள், ஐரோப்பாவின் முதல் எக்ஸாஸ்கேல் கணினி. நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழி போட்ட எண்ணிக்கையில் கணக்குப் போடும். அந்த மாதிரி இயந்திரங்களில் நேரம் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுதி, இன்ன இயற்பியலுக்கு இத்தனை கோர்-மணி தேவை என்று நியாயம் சொல்ல வேண்டும். கோர் என்பது கணினிக்குள் கணக்குப் போடும் ஒரு அலகு, அது ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கோர்-மணி. முதல் வருடம் குழுவின் பங்கிலிருந்துதான் எடுப்பீர்கள்.

அந்தப் பங்கை நான் எப்படித் தீர்த்தேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். முதல் குளிர்காலம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். கணக்கை எங்கிருந்தும் அனுப்பலாமே, எதற்குப் பேருந்து ஏற வேண்டும் என்று அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கட்டிலில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன ரசம். எட்டுக் கணினி முனைகள், ஒவ்வொன்றிலும் 48 கோர், 24 மணி நேரம்: ஒரு ஓட்டத்துக்கு 9216 கோர்-மணி. இப்படிப் பல ஓட்டங்கள், மூன்று வாரம். அணு அளவு நீளங்களுக்குப் போர் (Bohr), ஆங்ஸ்ட்ராம் என்று இரண்டு அலகுகள் உண்டு; போரில் இருந்த நீளங்களை ஆங்ஸ்ட்ராம் என்று குறித்திருந்தேன். ஒரு போர் என்பது 0.529 ஆங்ஸ்ட்ராம்தான், ஆக என் அணுக்களெல்லாம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலகி நின்றன. நிரல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆய்வகத்தில் பிசகினால் புகையாவது வரும், இங்கே அழகான வரைபடம் வருகிறது. மூன்று வாரம் கழித்து அலுவலகம் போனபோது, எதிர்மேசை இத்தாலிக்காரி காபிக் கோப்பையோடு வந்து என் திரையை எட்டிப் பார்த்தாள். "இது திடப்பொருளா, வாயுவா?" என்றாள். அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன், வரச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தினமும் அலுவலகம் போங்கள். அறைக்கு வந்தபின் வரிசையைப் பார்க்காதீர்கள். நடுராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தாலும் பி.டி. பி.டி.யாகவேதான் இருக்கும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயங்கள். வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட சீட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனிக்கிழமையே பால் வாங்கி வையுங்கள். தமிழ் கேட்கவில்லையே என்று ஏங்கினால் ஹாம் நகரத்துக்கு ரயிலேறுங்கள். ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோவில் அங்கே இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு ஆனது. முன்பின் தெரியாத அம்மா ஒருவர் "சாப்பிட்டுப் போங்கோ" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இங்கே வாய்மொழித் தேர்வு முடிந்ததும் உடன் வேலை செய்பவர்கள் அட்டையில் ஒரு தொப்பி செய்து தலையில் மாட்டிவிடுவார்கள். உங்களைக் கேலி செய்யும் பொருள்களெல்லாம் அதில் தொங்கும். என் தொப்பியின் உச்சியில் பி.டி. என்று ஒரு கொடி, பக்கவாட்டில் இத்தாலிக்காரி ஒட்டிய ஸ்கேல்: ஒரு ஓரம் போர், மறு ஓரம் ஆங்ஸ்ட்ராம்.

எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். கம்பளிச் சட்டையை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் இடமிருந்தால் இட்லித் தட்டு எடுத்து வாருங்கள்.