ரீஜன்சி காதல் கதையில சிரிப்பு எங்கேர்ந்து வரும்?

ரீஜன்சி காலத்து இங்கிலாந்துல நடக்குற ஒரு காமெடி காதல் நாவல் பாதி எழுதிட்டேன், படிச்சவங்க யாருக்குமே சிரிப்பு வரல, என்ன பண்றதுன்னு ஒரு வாசகி கேட்டு முதல் அத்தியாயத்தையும் அனுப்பியிருக்காங்க. படிச்சேன். ஹீரோவும் ஹீரோயினும் மாத்தி மாத்தி பன்ச் அடிக்கிறாங்க, 1814ன்னு மேல போட்டிருக்கீங்க ஆனா டிரஸ்ஸை மாத்திட்டா இன்னிக்கு ஆபீஸ் கேன்டீன்ல நடக்குற பேச்சு அது.

ரீஜன்சின்னா 1811லேர்ந்து 1820 வரைக்கும், மூணாம் ஜார்ஜ் ராஜாவுக்கு மனநிலை சரியில்லாம அவர் பையன் அவருக்குப் பதிலா ஆட்சி நடத்தின காலம். மேல்தட்டு வீடுகள்ல எதுக்கெடுத்தாலும் ஒரு விதி இருக்கும், உங்க சிரிப்பு அங்கதான் இருக்கு. கேரக்டர்களை ஜோக் அடிக்க விடாதீங்க, ஒரு விதியை எடுத்து அதை மீறியே ஆகணும்ங்கற நிலைமைல ஒருத்தரை மாட்டிவிடுங்க.

உதாரணத்துக்கு தபால். அப்போ பெரும்பாலும் லெட்டர் வாங்குறவங்கதான் காசு கட்டணும், தூரத்துக்கும் எத்தனை தாள்ங்கறதுக்கும் ஏத்த மாதிரி ரேட்டு (1840லதான் அனுப்புறவங்களே ஒரு பென்னி காசு கட்டுற பென்னி தபால் வந்து இதெல்லாம் மாறுச்சு). அதனால தாளை மிச்சம் பிடிக்க எழுதி முடிச்ச பக்கத்தையே திருப்பி வெச்சு குறுக்கால எழுதுவாங்க. நிச்சயம் ஆகாத பொண்ணு ஒரு ஆம்பளைக்கு நேரா லெட்டர் போடவும் கூடாது. இப்ப பாருங்க, உங்க ஹீரோயின் ஹீரோவோட தங்கச்சிக்கு எழுதுறா, காலை சாப்பாட்டு டேபிள்ல லெட்டர் வந்து சேருது, கஞ்சப் பாட்டி காசைக் கட்டிட்டு "நான் காசு குடுத்தது, நான்தான் படிப்பேன்"னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு சத்தமா ஆரம்பிக்கிறாங்க, குறுக்கு வரியும் நேர் வரியும் கலந்துபோய் "அவர் கண்ணு எவ்வளவு அழகு, நேத்து தொழுவத்துல கட்டிப்போட்டும் அடங்கல"ன்னு வருது. ஹீரோ எதிர்லயே உக்காந்திருக்கான், தன்னைப் பத்தியா மாட்டைப் பத்தியான்னு கேக்க முடியாது. இதுல ஒருத்தர்கூட ஜோக் அடிக்கல, ஆனா அந்தப் பொண்ணு மனசு என்னன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு, காதலும் ஒரு படி நகர்ந்துடுச்சு.

கல்யாண விஷயத்துல இன்னும் நிறைய கிடைக்கும். வாக்கு குடுத்த ஆம்பளை பின்வாங்கினா கோர்ட்ல நஷ்டஈடு கேக்கலாம், மானமும் போகும், ஸோ தப்பான பொண்ணுகிட்ட மாட்டினவன் அவளாவே வேணாம்னு சொல்ற மாதிரி நடந்துக்கணும். 21 வயசு ஆகாதவங்க அப்பா சம்மதம் இல்லாம லைசென்ஸ் வாங்கிக் கட்டிக்க முடியாது, ஸ்காட்லாந்துல இந்த விதி செல்லாது, அதான் அதோட எல்லைல இருக்குற கிரெட்னா கிரீன்ங்கற ஊருக்கு ஓடுவாங்க, லண்டன்லேர்ந்து 300 மைலுக்கு மேல, வழி நெடுக குதிரை மாத்திக்கிட்டே போகணும். அவ்ளோ நேரம் ஒரே வண்டிக்குள்ள ரெண்டு பேரை உக்கார வெச்சா காதல் தாங்குமான்னு எழுதிப் பாருங்க.

வசனத்துல ஒண்ணே ஒண்ணு, கோவம் ஏற ஏற மரியாதையும் ஏறணும். உங்க முதல் அத்தியாயத்துல நடன அரங்குல அவ அவனைத் திட்டுற இடம் இருக்குல்ல, அதுல எல்லா திட்டையும் எடுத்துட்டு, சுத்தி அத்தைமாருங்க பாத்துக்கிட்டிருக்க சிரிச்ச முகமா ஆடிக்கிட்டே அவ சண்டை போடுறதா மாத்திடுங்க.