மணல் பையை விடுங்கள், டயப்பரைப் பற்றிப் பேசுவோம்

கேள்வி: என் அம்மாவுக்கு 88 வயது. ஒன்றரை வருடமாகக் கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நல்ல இடம், குறையொன்றும் இல்லை. விழுந்துவிடக் கூடாதே என்று, சேர்க்கும்போதே டயப்பர் போட்டுவிடச் சொல்லி அதற்குத் தனியாகப் பணம் கட்டுகிறோம். மாதாமாதம் புரோட்டீன் பவுடரும் வாங்கி அனுப்புகிறேன். புதிதாக வந்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண், அம்மாவின் காலில் ஒரு கிலோ மணல் பையைக் கட்டித் தூக்கச் சொல்கிறாளாம். அம்மா போனில் "தொடை வலிக்குது" என்கிறார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? நிறுத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிவிடு என்கிறார் அமெரிக்காவில் இருக்கும் அண்ணன். அவர்கள் மனம் நோகாமல் எப்படி எழுதுவது?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எழுதவே எழுதாதீர்கள்.

மணல் பைக்கு அப்புறம் வருகிறேன். போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சேர்க்கும்போதே டயப்பர் என்று, அதை முதலில் பேசுவோம். விழுந்துவிடுவார் என்று பயந்தீர்கள் என்றால், அன்றைக்கு அம்மா நடந்துகொண்டிருந்தார் என்றுதானே அர்த்தம்? சிறுநீரை அடக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கிற மனுஷிக்கு, பாத்ரூமுக்குத் தானாகப் போய் வரத் தெரிந்தவருக்கு, பணம் கட்டி டயப்பர் மாட்டியிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஒரு நாளைக்கு ஏழு முறை பாத்ரூம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் கட்டிலை விட்டு எழ வேண்டும், டாய்லெட்டில் உட்கார்ந்து மறுபடி எழ வேண்டும். ஆக நாளைக்குப் பதினான்கு முறை அந்தத் தொடை உடம்பின் மொத்த எடையையும் தூக்கியிருக்கும். ஒன்றரை வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ஏழாயிரத்தைத் தாண்டும். அத்தனையையும் நிறுத்திவிட்டு, இன்று ஒரு கிலோவுக்குத் தொடை வலிக்கிறதே என்று பதறுகிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்?

எனக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. 'நல்ல இடம், குறையொன்றும் இல்லை' என்ற வரி அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். பெற்றவளை இல்லத்தில் சேர்த்தது பாவம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்டு மூலையில் உட்காரவைத்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நடுராத்திரியில் 'அம்மா விழுந்துட்டாங்க' என்று நமக்குப் போன் வரக் கூடாது என்பதற்காக அவருடைய காலைப் பிடுங்கிக்கொள்வதைக் கவனிப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாதம் தவறாமல் பணம் கட்டுவதோடு பிள்ளைகளின் கடமை தீர்ந்துவிடாது.

வயதைக் காரணம் காட்டாதீர்கள். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் காப்பகத்தில் இருந்த பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற டாக்டர் எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார். எல்லோருக்கும் 90-ஐ ஒட்டிய வயது, தளர்ந்துபோன உடம்பு. ஒருவர் முழு பலத்தோடு ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய எடை எவ்வளவோ, அதில் 80 சதவீதம் வரை வைத்து, வாரத்துக்கு மூன்று நாள். ஒருவர் பாதியில் நின்றுவிட்டார். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது இரண்டே முக்கால் மடங்கு! இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், அவர்கள் எட்டியிருந்த பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நிறுத்தச் சொல்லி எழுதலாமா என்கிறீர்களே, அதற்கு இதுதான் பதில்.

அந்தப் பவுடர் டப்பா விஷயமும் இருக்கிறது. அதே டாக்டர் 1994-ல், சராசரி வயது 87 உள்ள நூறு பேரை வைத்து இன்னும் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டார். பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் கூடியது, வேகமாக நடந்தார்கள். ஊட்டச்சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலவீனம் குறையவே இல்லை. சத்து வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டையோ பருப்போ தயிரோ தினமும் வேண்டும்தான். ஆனால் வேலை செய்யாத தசைக்கு டப்பா டப்பாவாக ஊற்றிப் பயனில்லை.

பழக்கமில்லாத தசையை வேலை வாங்கினால் ஓரிரண்டு நாள் வலிக்கும், அப்புறம் போய்விடும். மூட்டு வீங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவின் பிரஷரையும் இதயத்தையும் பார்த்துத்தான் ஆரம்பித்தார்களா என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. சரியாக இருந்தால் அந்தப் பெண்ணின் வேலையில் தலையிடாதீர்கள். சொல்லப்போனால், அந்த ஒரு கிலோவை எப்போது ஒன்றரை ஆக்குவாள் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நிர்வாகத்துக்கு எழுதியே ஆக வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள். பகலில் டயப்பர் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கேட்டு, கையைப் பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போக ஒரு ஆயா வேண்டும், டயப்பருக்குக் கட்டும் பணத்தை அதற்குக் கட்டுகிறோம். டாய்லெட் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, கட்டிலிலிருந்து அதுவரைக்கும் இரவு விளக்கு. இத்தனை நாள் டயப்பரில் இருந்ததால் முதல் சில வாரம் துணி நனையும், ஆயாவுக்கு அலுப்பு வரும். அதைச் சாக்காக வைத்துப் பழையபடி மாட்டிவிடக் கூடாது. எரிச்சலோ, அடிக்கடி வருவதோ இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யட்டும்.

"விழுந்தால் யார் பொறுப்பு?" என்று அண்ணன் கேட்பார். நான்தான் என்று சொல்லுங்கள். இல்லத்தில் கையெழுத்துக் கேட்டால் போட்டுக் கொடுங்கள். அந்தப் பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் எத்தனை நாள் வருகிறாள் என்றும் விசாரியுங்கள். மூன்று நாளுக்குக் குறைவாக இருந்தால், புரோட்டீன் பவுடரை நிறுத்தி அந்தப் பணத்தை அவளுக்குக் கொடுங்கள்.