படகில் டிரை ஐஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கட்டி ஐஸுக்குப் பதிலாக டிரை ஐஸ் ஏற்றினால் எவ்வளவு போதும்?

டிரை ஐஸ் என்பது திடமாக உறைந்த கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு). எடைக்கு எடை ஒன்றரை மடங்குக்கு மேல் குளிர்ச்சி தரும். ஆனால் புது மீனுக்கு வேண்டாம். மைனஸ் 78 டிகிரியில் இருப்பது மீனை உறைய வைத்துவிடும். ஏற்கெனவே உறைந்த சரக்குக்கு என்றால் சரி.

சீக்கிரம் தீராமல் இருக்க மூடியை டேப் போட்டு ஒட்டலாமா?

கூடாது. ஒரு கிலோ ஆவியானால் 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். அது வெளியே போக வழி இல்லையென்றால் பெட்டி வெடிக்கும்.

ராத்திரி பெட்டியைக் கேபினுக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாமா? மழை வந்தால் கதவை மூடிவிடுவோம்.

இதே கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை கிலோ, கேபின் எவ்வளவு பெரியது என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் இப்படி அரைகுறையாகக் கேட்காதீர்கள். நானே ஒரு கணக்குப் போடுகிறேன். கேபின் 10 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல பெட்டியிலிருந்துகூட விடிவதற்குள் 2 கிலோ ஆவியாகிவிடலாம். அது ஏறக்குறைய 1 கன மீட்டர் கரியமில வாயு. கதவு மூடியிருந்தால் நீங்கள் சுவாசிக்கும் காற்றில் பத்தில் ஒரு பங்கு அதுதான். அந்த அளவில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு என்பதால் கீழேதான் தங்கும்; நீங்கள் படுத்திருப்பதும் கீழேதான். வாசனை கிடையாது. தலைவலி, மூச்சு வாங்குதல், படபடப்பு எல்லாம் வரும், ஆனால் அசந்து தூங்குகிறவருக்கு அது தெரியுமா? பெட்டி மேல்தளத்தில், ஆள் படுக்காத இடத்தில் இருக்கட்டும். மழையில் நனைந்தால் நனையட்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறோம். அது போதாதா?

போதாது. அது வேறு வாயு, இது வேறு வாயு. கரியமில வாயுவுக்கென்றே விற்கும் அலாரத்தை வாங்கி, படுக்கை மட்டத்தில் மாட்டுங்கள்.

மிச்சத்தை படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் போட்டுவிட்டால் வேலை முடியுமே?

போடவே போடாதீர்கள். தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். 2020இல் மாஸ்கோவில் ஒரு விருந்தில் நீச்சல் குளத்துக்குள் டிரை ஐஸ் கொட்டி மூன்று பேர் இறந்தார்கள். மறுபடியும் சொல்கிறேன், வாயு கீழேதான் தங்கும். காற்றோட்டமான தளத்தில் வையுங்கள், தானாகப் போய்விடும்.

கையில் பட்டால்?

தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கீழறைக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்தால்?

பின்னாலேயே குதிக்காதீர்கள், அடுத்து விழுவது நீங்கள்தான். எல்லாத் திறப்புகளையும் திறந்து, மேலே இருந்தபடியே விசிறியால் காற்றை உள்ளே அடியுங்கள். உடனே உதவிக்கு வயர்லெஸ்ஸில் அழையுங்கள். இறங்கும்போதே இடுப்பில் கயிறு கட்டி அனுப்பியிருந்தால், இப்போது மேலிருந்தே இழுத்துவிடலாம்.